வால் தோர்ச்சாவுல கிராவல் பைக்: கிலோமீட்டரை விடுங்க, ஏத்தத்தை எண்ணுங்க

பள்ளத்தாக்குன்னு கேட்டதுமே ஆத்தோரமா சமதளத்துல ஓட்டிட்டுப் போகலாம்னு மனசுல ஒரு படம் வந்துடும், ஜல்லி ரோட்டுல ஓட்டறதுக்குன்னே செஞ்ச கிராவல் சைக்கிள்ல வால் தோர்ச்சாவுக்குப் போறவங்க முதல்ல அந்தப் படத்தை அழிச்சுடுங்க. இத்தாலியில டஸ்கனியில சியேனாவுக்குத் தெக்கே ஓர்ச்சான்னு ஒரு ஆறு ஓடுது, அதோட பள்ளத்தாக்குதான் இது, 2004ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, காலண்டர்லயும் வால்பேப்பர்லயும் பாத்திருப்பீங்களே, பச்சை மேட்டு மேல சைப்ரஸ் மரம் வரிசையா நிக்கும், அந்த இடம். ஆனா பேர் சொல்ற ஊரெல்லாம் பெரும்பாலும் மேட்டு மேலதான் இருக்கு. பியென்சா 491 மீட்டர் உயரத்துல, சான் குய்ரிக்கோ 409, மோன்தால்சீனோ 564. அந்தக் காலத்துல கீழ குடியிருந்தா எதிரியும் வருவான், ஆத்தோர சதுப்புலேர்ந்து மலேரியாவும் வரும், அதனால மேட்டுல மதில் கட்டி உக்காந்துட்டாங்க. நமக்கு இதோட அர்த்தம் என்னன்னா தண்ணிக் குழாய் மேல, காபிக் கடை மேல, ராத்திரி தூங்கப்போற கட்டிலும் மேல. காலைல தெம்பா இருக்கறப்ப இறக்கம், சாயங்காலம் கால் ஓய்ஞ்சப்புறம் ஏத்தம்.

இது ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். நான் முதல் தடவை போனப்ப 70 கிலோமீட்டர்தானேன்னு ரூட் போட்டுட்டு ஏத்தம் எவ்வளவுன்னு பாக்கவே இல்ல, மதியம் மூணு மணிக்கு ரெண்டு பாட்டிலும் காலியாகி, எதிர்ல மேட்டு மேல ஊர் தெரியுது, கோயில் மணி சத்தம்கூடக் கேக்குது, ஆனா நடுவுல ஒரு பள்ளமும் அதுக்கப்புறம் நெட்டுக்குத்தா ஒரு ஏத்தமும் இருக்கு. அன்னிக்கு கத்துக்கிட்ட கணக்கு இது: நல்ல வெள்ளை ரோட்டுல புதுசா ஓட்டறவங்களுக்கு மணிக்கு 18 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 100 மீட்டர் ஏத்தத்துக்கும் பத்து நிமிஷம் கூட்டுங்க. இங்க 50 கிலோமீட்டர் சுத்துனா 1000 மீட்டர் ஏத்தம் சர்வசாதாரணம், ஆக நாலரை மணி நேரம், அதுக்கு மேல காபி, போட்டோ, பஞ்சர். முதல் ரெண்டு நாளைக்கு ஒரு நாளைக்கு 800 மீட்டர் ஏத்தத்தைத் தாண்டாதீங்க, அது 30 கிலோமீட்டர்லயே முடிஞ்சாலும் பரவால்ல.

அந்த வெள்ளை ரோடு என்னன்னு தெரிஞ்சுக்குங்க

இங்க கிராவல் ரோட்டுக்கு ஸ்த்ராதா பியாங்கான்னு பேர், வெள்ளை ரோடுன்னு அர்த்தம், நிறைய இருந்தா ஸ்த்ராதே பியாங்கே. கீழ களிமண்ணு, மேல சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்டு வண்டி ஓடி ஓடி இறுகின ரோடு. பண்ணை வீடுகளுக்குப் போற வழிங்க இதெல்லாம், டிராக்டரும் கூரியர் வேனும் தினமும் ஓடுது, சுற்றுலாவுக்குன்னு போட்டதில்ல. அதை அப்படியே தார் போட்டு மூடிடாம காப்பாத்தணும்னு சொல்லித்தான் 1997ல ஜியான்கார்லோ ப்ரோச்சிங்கறவர் பக்கத்து கியாந்தி மலைப் பகுதியில காயோலேங்கற ஊர்லேர்ந்து லெரோயிக்கான்னு பழைய சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பிச்சாரு, முதல் வருஷம் வந்தது 92 பேர், இன்னிக்கு ஆயிரக்கணக்குல வர்றாங்க. அதுலேர்ந்து பொறந்ததுதான் 2007லேர்ந்து நடக்கற தொழில்முறை ரேஸ், அதுக்குப் பேரே ஸ்த்ராதே பியாங்கே, சியேனாவுல முடியும். லெரோயிக்கா ரூட்டு 209 கிலோமீட்டர், வருஷம் பூரா போர்டு வச்சிருக்காங்க, ரேஸ் இல்லாத நாள்லயும் யாரு வேணா ஓட்டலாம், அதோட தெக்குப் பகுதி நம்ம ஏரியாவைத் தொட்டுட்டுப் போகுது. ஒருத்தர் பிடிவாதமா நின்னதாலதான் இன்னிக்கு நம்ம டயருக்கு அடியில ஜல்லி இருக்குங்கறதை நான் ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்குவேன்.

ரோட்டைக் கிட்டக்க உத்துப் பாருங்க. கார் சக்கரம் போற ரெண்டு தடம் வழுவழுன்னு கெட்டியா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுலயும் ஓரத்துலயும் உதிரி ஜல்லி வரப்பு மாதிரி குவிஞ்சிருக்கும், கோழி முட்டை சைஸ்லேர்ந்து பட்டாணி சைஸ் வரைக்கும். நீங்க ஓட்ட வேண்டியது அந்தத் தடத்துல. ஏத்தம் முடியற இடத்துலயும் வளைவுக்கு முன்னாடியும் வரிவரியா அலை அலையா மேடுபள்ளம் இருக்கும், காருங்க பிரேக் போட்டு, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சு உண்டாகறது, அதுல வேகமாப் போனா கண்ணே ரெண்டா தெரியும்.

எந்த மாசம்

ஏப்ரல் நடுவுலேர்ந்து ஜூன் பாதி வரைக்கும், அப்புறம் செப்டம்பர்லேர்ந்து அக்டோபர் பாதி வரைக்கும். மே மாசம் கோதுமை பச்சையா, ஓரத்துல சிவப்பு பாப்பி பூவோட இருக்கும், எனக்குப் பிடிச்சது அதுதான். ஜூலை ஆகஸ்ட்ல 35 டிகிரிக்கு மேல போகும், வெயில் நமக்குப் பழக்கம்தானேன்னு நினைக்காதீங்க, இங்க நிழலே கிடையாது, வெள்ளை ரோடு கீழேர்ந்து வெயிலைத் திருப்பி மூஞ்சில அடிக்கும். அப்பத்தான் லீவு கிடைக்கும்னா காலைல ஆறு மணிக்கு வண்டியில இருங்க, பதினோரு மணிக்குள்ள ரூமுக்கு வந்துடுங்க. நவம்பர் மழை மாசம், அதை விட்டுடுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

வண்டி

சொந்த வண்டியை பிளேன்ல தூக்கிட்டுப் போறதா, அங்க வாடகைக்கு எடுக்கறதான்னு கேட்டா முதல் தடவைக்கு வாடகைதான் என் ஓட்டு. சியேனாவுலயும் பள்ளத்தாக்கு ஊர்கள்லயும் கிராவல் பைக்கும் இ-பைக்கும் கிடைக்குது, சீசன்ல முன்கூட்டியே சொல்லி வைக்கணும். பெடலும் ஷூவும் ஹெல்மெட்டும் உங்களோடதை எடுத்துட்டுப் போங்க, உக்கார்ற இடம் புண்ணாகும்னு பயம் இருந்தா சீட்டையும் கழட்டி எடுத்துட்டுப் போங்க.

கடைக்கு மெசேஜ் அனுப்பும்போது மூணு விஷயம் கேளுங்க. முதல்ல டயர் அகலம், 40 எம்எம் இருந்தா நல்லது, 35க்குக் கீழ வேண்டாம், இங்க பெரிய பட்டன் வச்ச டயரெல்லாம் தேவையில்ல, நடுவுல வழுவழுப்பா ஓரத்துல கொஞ்சம் கட்டையா இருந்தா போதும். ரெண்டாவது ட்யூப்லெஸ்ஸா, ஓட்டையைத் தானா அடைக்கற சீலண்ட் திரவம் எப்ப ஊத்துனது, ஏன்னா இந்த வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல உள்ள காஞ்சு ரப்பர் உருண்டையா ஆயிடும், டயரைக் கழட்டாம தெரியாது, அதனால கடைக்காரர்கிட்ட வண்டியை ஆட்டிக் காட்டச் சொல்லுங்க, உள்ள தண்ணி அலம்பற சத்தம் வரணும்.

மூணாவது கியர், இதுலதான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க. உங்களோட சின்ன கியர்ல முன்னாடி பல் எண்ணிக்கையைவிடப் பின்னாடி பல் எண்ணிக்கை அதிகமா இருக்கணும். முன்னாடி ஒரே செயின்ரிங் 40 பல்லுன்னா பின்னாடி கேசட்ல பெரிய பல்சக்கரம் 42, 44 இருக்கணும், முன்னாடி ரெண்டு இருந்து சின்னது 30 பல்லுன்னா பின்னாடி 34 போதும். ரோட் பைக்குல வர்ற 34க்கு 28 எல்லாம் இங்க வேலைக்கு ஆகாது. தார் ரோட்டுல 12 சதவீத ஏத்தத்தை எழுந்து நின்னு மிதிச்சு ஏறிடலாம், ஜல்லியில எழுந்து நின்னா பின் சக்கரத்துல பாரம் குறைஞ்சு சும்மா சுத்தும், நீங்க நின்ன இடத்துலயே நிப்பீங்க. உக்காந்துக்கிட்டே ஏறணும், அதுக்கு கியர் வேணும். இ-பைக் எடுக்கறதுல எந்தக் குறைச்சலும் இல்ல, வயசானவங்களோட, ஓட்டிப் பழகாத துணையோட போறீங்கன்னா அதுதான் சரி, ஆனா பேட்டரி கணக்கும் ஏத்தத்தை வச்சுத்தான் போடணும், கிலோமீட்டரை வச்சு இல்ல.

காத்து எவ்வளவு அடிக்கறதுன்னா 70 கிலோ ஆளுக்கு 40 எம்எம் ட்யூப்லெஸ்ல முன்னாடி 30 பிஎஸ்ஐ, பின்னாடி 33 கிட்ட ஆரம்பிங்க. ட்யூப் போட்டதா இருந்தா அஞ்சாறு கூட்டிக்குங்க, இல்லாட்டி கல்லு மேல ஏறி ரிம்முல அடிச்சு ட்யூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்து கை அதிருதுன்னா ரெண்டு குறைங்க, வளைவுல டயர் நெளியுதுன்னா ரெண்டு கூட்டுங்க, அவ்வளவுதான்.

பையில என்ன இருக்கணும்: ரெண்டு ட்யூப், ட்யூப்லெஸ் ஓட்டையை அடைக்கற பிளக், கைப் பம்பு, மல்டிடூல், செயின் இணைக்கற குவிக் லிங்க், அந்த வண்டிக்குன்னே உள்ள டீரெய்லர் ஹேங்கர், பின்னாடி கியர் மாத்தற டீரெய்லரை ஃப்ரேமோட சேத்துப் பிடிக்கற சின்னத் துண்டு அது. ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற, வாடகைக் கடையிலயே கேட்டு வாங்கி வச்சுக்குங்க. டயர் ஓரச்சுவர் கிழிஞ்சா பிளக் நிக்காது. எனக்கு அப்படி ஒரு தடவை சுண்ணாம்புக்கல் விளிம்பு பட்டு அரை விரல் நீளத்துக்குக் கிழிஞ்சது, வெள்ளை சீலண்ட் நுரையா பொங்கிக் காலெல்லாம் தெறிச்சுது, எனர்ஜி ஜெல் குடிச்ச காலிக் கவரை நாலா மடிச்சு கிழிசலுக்கு உள்பக்கமா வச்சு அது மேல ட்யூபைப் போட்டு காத்தைக் கொஞ்சம் குறைவா அடிச்சு 20 கிலோமீட்டர் வந்து சேந்தேன். அதனால ஜெல் கவரைத் தூக்கிப் போடாதீங்க, ஜெர்சி பாக்கெட்லயே இருக்கட்டும்.

எப்படிப் போய்ச் சேர்றது, எங்க தங்கறது

ஃப்ளாரன்ஸ்லேர்ந்து சியேனாவுக்கு ரயில் இருக்கு, ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆகும், சைக்கிள் படம் போட்ட ரீஜனல் ரயில்ல வண்டிக்குத் தனி டிக்கெட் எடுத்து ஏத்தலாம். சியேனாவுலேர்ந்து தெக்கே க்ரோஸ்ஸெத்தோ போற லைன்ல புவோன்கோன்வெந்தோன்னு ஒரு ஸ்டேஷன், பள்ளத்தாக்குக்கு வடக்கு வாசல் மாதிரி. ரயில் அடிக்கடி கிடையாது, திரும்பற நேரத்தை முதல் நாளே பாத்து வச்சுடுங்க.

தங்கறதுக்கு முதல் தடவைன்னா சான் குய்ரிக்கோவைத்தான் சொல்வேன். பியென்சா அழகு, ஆடம்பரம், கூட்டம். சான் குய்ரிக்கோ நடுவுல இருக்கறதால எந்தப் பக்கமும் கிளம்பலாம், சூப்பர்மார்க்கெட் இருக்கு, ஊருக்குள்ள குழாய் இருக்கு. ரூம் போடும்போது வண்டி வைக்க உள்ள இடம் இருக்கா, கழுவ ஹோஸ் பைப் இருக்கான்னு கேட்டுடுங்க.

முதல் நாள்: ஒரு இறக்கம், ஒரு ஏத்தம், அவ்வளவே

சான் குய்ரிக்கோவுலேர்ந்து வியா ஃப்ராஞ்சிஜெனா போர்டைப் பிடிச்சுட்டு விஞ்ஞோனி ஆல்தோங்கற குட்டி ஊர் வழியா பாஞ்ஞோ விஞ்ஞோனிக்கு இறங்குங்க. வியா ஃப்ராஞ்சிஜெனான்னா இங்கிலாந்து காண்டர்பரியிலேர்ந்து ரோமுக்குப் போற பழைய யாத்திரைப் பாதை, 990ல சிஜெரிக்ங்கற பேராயர் ரோமுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப தங்குன ஊரையெல்லாம் குறிச்சு வச்சிருக்காரு, இன்னிக்கும் முதுகுல மூட்டையோட நடக்கறவங்க வருவாங்க, அவங்களைப் பாத்தா வேகத்தைக் குறைச்சு ஒரு பூவோன்ஜோர்னோ சொல்லிட்டுப் போங்க, பின்னாடி ஜல்லி சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுப் பாவம் நடு ரோட்டுக்குத் தாவிடுவாங்க. போக வர பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான், ஆனா விஞ்ஞோனி ஆல்தோவுலேர்ந்து இறங்கற வெள்ளை ரோடு செங்குத்து, கத்துக்க வேண்டியதெல்லாம் அதுலயே இருக்கு.

இறங்கறதுக்கு முன்னாடி மேல நிறுத்துங்க. கையை ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல வைங்க, அங்கேர்ந்து பிரேக் லீவரை ரெண்டு விரலாலயே அமுக்க முடியும், மேல ஹூட்ஸ்ல, அதாவது பிரேக் லீவரோட ரப்பர் உறை மேல பிடிச்சா அதிர்வுல கை நழுவும். பெடல் ரெண்டும் ஒரே மட்டத்துல, பின்பக்கம் சீட்டுலேர்ந்து ஒரு இன்ச் தூக்குன மாதிரி, முழங்கையும் முட்டியும் தளர்வா. பிடியை இறுக்கிப் பிடிக்காதீங்க, வண்டி உங்களுக்குக் கீழ கொஞ்சம் ஆடும், ஆடட்டும், ஆடிட்டு அதுவே நேராகும், நீங்க பயந்து இழுத்தாத்தான் விழும். வேகம் குறைக்கறதெல்லாம் நேரா இருக்கற இடத்துல, வளைவுக்குள்ள நுழைஞ்சப்புறம் முன் பிரேக்கைத் தொடாதீங்க. ரெண்டு பிரேக்கையும் சேத்து மெதுவா, விட்டு விட்டு. கண்ணு முன் சக்கரத்துல இருக்கக்கூடாது, பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி எந்தத் தடத்துல போகப்போறீங்களோ அதுல இருக்கணும். எதிர்ல கார் வந்து ஓரத்துக்குப் போக வேண்டியிருந்தா அந்த ஜல்லி வரப்பைச் சாய்வா உரசிட்டுப் போகாதீங்க, முன் சக்கரம் அதுலயே வழுக்கிட்டுப் போயிடும், வேகத்தைக் குறைச்சுட்டு ஒரே வெட்டா குறுக்க கடந்துடுங்க.

கீழ பாஞ்ஞோ விஞ்ஞோனியில ஊர் நடு சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம், பூமிக்கு அடியிலேர்ந்து சுமார் 50 டிகிரி சூட்டுல ஊத்து வருது. குளத்துல இறங்கக்கூடாது, ஆனா அந்தத் தண்ணி வழிஞ்சு பழைய மில்லுங்க பக்கமா பாறையில வாய்க்காலா ஓடுது, ஷூவைக் கழட்டிட்டு அதுல காலை விட்டு உக்காருங்க. அப்புறம் அதே வழியில திரும்ப ஏறுங்க. காஸ்ஸியான்னு ஒரு ஹைவே நேரா சான் குய்ரிக்கோவுக்குப் போகும், சுலபம்னு தோணும், லாரியும் மோட்டார் பைக்கும் பறக்கற ரோடு அது, அங்க வேண்டாம்.

ஏறும்போது செங்குத்து வர்றதுக்கு முன்னாடியே சின்ன கியருக்கு வந்துடுங்க, பாதி ஏத்தத்துல அழுத்தத்தோட மாத்துனா செயின் முறுக்கிக்கும். சீட்டோட முன் மூக்குக்கு நகந்து உக்காந்து, மார்பைக் கொஞ்சம் தாழ்த்தி, சமமா உருட்டுங்க, மிதி மிதின்னு உதைக்காதீங்க. நின்னுட்டீங்கன்னா அந்த இடத்துலேர்ந்தே மறுபடி கிளம்பப் பாக்காம, கொஞ்சம் தள்ளிட்டுப் போய் ரோடு சப்பையாகற இடத்துல ஏறிக்குங்க, இல்லாட்டி ரோட்டுக்குக் குறுக்க வண்டியை வச்சுக் கிளம்பித் திருப்புங்க. தள்ளிட்டு நடக்கறதுல வெக்கமே வேண்டாம், ரேஸ்ல மழை நாள்ல தொழில்முறை ஆளுங்களே தள்ளிட்டு நடந்திருக்காங்க.

தண்ணியும் சோறும்

750 மில்லி பாட்டில் ரெண்டு. வெயில் நாள்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கிட்டப் போகும், அதனால ரூட் போடும்போதே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஊர் வர்ற மாதிரி போடுங்க. ஊருக்குள்ள பொதுக் குழாய் இருக்கும், அக்குவா பொத்தாபிலேன்னு எழுதியிருந்தா குடிக்கலாம், நோன் பொத்தாபிலேன்னா குடிக்காதீங்க. வழியில ஊரே இல்லாட்டியும் கல்லறைத் தோட்டம் இருக்கும், பூவுக்கு ஊத்த உள்ள குழாய் வச்சிருப்பாங்க, மரியாதையா ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் போய் தலையையும் கழுத்தையும் நனைச்சுக்கலாம், குடிக்கறதுக்கு மட்டும் போர்டைப் பாத்துக்குங்க. பாட்டில் வாயில மாவு மாதிரி வெள்ளைத் தூசி படியும், பக்கத்துப் பண்ணையில ஆடு மாடு சாணமும் அதுல கலந்திருக்கும், மூடி போட்ட பாட்டில் வாங்குங்க.

கடை மதியம் ஒரு மணிக்கு மூடினா நாலு, நாலரைக்குத்தான் திறக்கும், ஞாயித்துக்கிழமை சிலது திறக்கவே திறக்காது, ஆகஸ்ட் 15 தேசிய லீவு. இதைத் தெரியாம வந்து பசியில பூட்டுன ஷட்டரைப் பாத்து நிக்கறவங்களை நிறைய பாத்திருக்கேன். பன்னெண்டரைக்குள்ள சாப்பாட்டைக் கையில வாங்கிடுங்க: ஸ்கியாச்சாத்தாங்கற உப்பும் ஆலிவ் எண்ணெயும் தடவுன தட்டை ரொட்டி, அதுக்குள்ள பியென்சாவோட பெக்கோரினோ, செம்மறி ஆட்டுப்பால் சீஸ். உப்பு, கொழுப்பு, மாவு மூணும் ஒண்ணா வயித்துக்குள்ள போயிடும், வண்டி ஓட்டறவங்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு நான் கண்டதில்ல, சைவக்காரங்களுக்கும் பிரச்சனை இல்ல, ஆனா விலங்கு இரைப்பையிலேர்ந்து எடுக்கற ரென்னட் போட்டு உறைய வச்ச சீஸ்தான் பெரும்பாலும், அதைக் கடைபிடிக்கறவங்க கேட்டு வாங்குங்க. ராத்திரி பீச்சி, கையால உருட்டுன தடிமனான பாஸ்தா, பூண்டும் தக்காளியும் போட்டதைக் கேளுங்க.

மழை பெஞ்சா

இந்த மண்ணு பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கடலடி. உழுத வயல்ல இன்னிக்கும் சிப்பி ஓடு கிடைக்கும். அந்தக் கடல் களிமண்ணு காஞ்சா ஓடு, நனைஞ்சா பசை. ஜல்லி நல்லா போட்ட வெள்ளை ரோடு மழை விட்ட சில மணி நேரத்துல வடிஞ்சுடும், ஆனா ரெண்டு வயலுக்கு நடுவுல போற ஜல்லி இல்லாத பழுப்புத் தடம் இருக்கே, அதுல ஒரு நாள் ரெண்டு நாளைக்குப் போகவே போகாதீங்க. முதல் பத்து மீட்டர் ஒண்ணும் தெரியாது. அப்புறம் டயர் தடிக்க ஆரம்பிக்கும், முப்பது மீட்டர்ல முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பூரா அடைச்சு சக்கரம் சுத்தவே சுத்தாது, தூக்கிப் பாத்தா வண்டி ரெண்டு மடங்கு கனம். அந்த நேரத்துல கோவத்துல பெடலை அமுக்குனீங்கன்னா டீரெய்லர் முறுக்கி ஸ்போக்குக்குள்ள போயிடும், டூரே அங்க முடிஞ்சுது. இறங்கி, வண்டியைத் தோள்ல தூக்கிட்டுப் புல்லு இருக்கற ஓரமா நடந்து கெட்டி ரோட்டுக்கு வந்து, குச்சியால நோண்டி எடுத்துட்டுத்தான் மறுபடி உருட்டணும். சந்தேகமா இருந்தா தடம் ஆரம்பிக்கற இடத்துல ஷூவால அழுத்திப் பாருங்க, மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா தார் ரோட்டுல சுத்திப் போங்க. இத்தாலியைச் சுத்தி நடக்கற ஜிரோ தித்தாலியா சைக்கிள் ரேஸ்ல 2010ல மோன்தால்சீனோவுக்கு வந்த ஒரு நாள் ஓட்டம் மழையில நடந்துச்சு, காடெல் எவன்ஸ் ஜெயிச்சாரு, வந்து சேந்தவங்க யாரு எந்த டீம்னு ஜெர்சியைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியல, அவ்வளவு சேறு.

நாய், வேட்டை, சட்டம்

செம்மறி ஆட்டுக்குக் காவலா மரேம்மானோன்னு பெரிய வெள்ளை நாய் இருக்கும். அது தன் வேலையைச் செய்யுது, மந்தைக்குக் கிட்ட யாரு வந்தாலும் குலைச்சுட்டு ஓடி வரும். வேகமா மிதிச்சுத் தப்பிக்கப் பாக்காதீங்க, இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு, முறைச்சுப் பாக்காம மெதுவாப் பேசிக்கிட்டே நடங்க, மந்தையைத் தாண்டுனதும் அதுவே நின்னுடும்.

இலையுதிர் காலத்துலேர்ந்து ஜனவரி வரைக்கும் காட்டுப்பன்றி, பறவை வேட்டை நடக்கும். செவ்வாயும் வெள்ளியும் இத்தாலி பூரா வேட்டை கிடையாது, காட்டுப் பக்கம் போற ரூட்டை அந்த நாள்ல வச்சுக்குங்க, மத்த நாள்ல பளிச்னு ஆரஞ்சு, மஞ்சள் கலர் போடுங்க. ஊருக்கு வெளிய இருட்டுல ஓட்டுனா லைட்டோட ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் சட்டப்படி கட்டாயம், டன்னல்லயும் அப்படித்தான். பள்ளத்துல போன் சிக்னல் போயிடும், மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிடுங்க, அவசரத்துக்கு 112. ப்ரோப்ரியெத்தா ப்ரிவாத்தான்னு போர்டு இருந்தா தனியார் இடம், ஜிபிஎஸ் வழி காட்டுனாலும் திரும்பிடுங்க. கோதுமை வயலுக்குள்ள போட்டோவுக்காக இறங்காதீங்க, அது ஒருத்தரோட வருஷ சம்பாத்தியம்.

தினமும் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் செயினுக்குக் குடுங்க. இந்தத் தூசி எண்ணெயோட சேந்தா உப்புத்தாள் மாதிரி பல்லையெல்லாம் தேச்சுடும். பழைய துணியால செயினைப் பிடிச்சுட்டு பெடலைப் பின்பக்கமா சுத்துங்க, துணி கருப்பா வர்றது நிக்கற வரைக்கும், அப்புறம் வேக்ஸ் மாதிரி காயற வகை செயின் எண்ணெய் ஒரு சுத்து.

ரெண்டாம் நாளும் மூணாம் நாளும்

ரெண்டாம் நாள் சான் குய்ரிக்கோவுலேர்ந்து வெள்ளை ரோட்டுலயே விதாலேத்தா கோயில் வழியா பியென்சா. ரெண்டு சைப்ரஸ் கூட்டத்துக்கு நடுவுல ஒத்தையா நிக்கற அந்தச் சின்னக் கோயில்தான் எல்லா போட்டோலயும் வர்றது, காலைல எட்டு மணிக்குள்ள போனா நீங்களும் பறவைங்களும் மட்டும்தான். பியென்சாவுல ஊர்ச் சுவரோரம் நின்னா தெக்கே 1738 மீட்டர் மோன்தே அமியாத்தா மொத்தமா தெரியும்.

மூணாம் நாளுக்கு மட்டும் இடத்தை மாத்தி புவோன்கோன்வெந்தோவுலேர்ந்து ஆரம்பிங்க, கால் ஓரளவு பழகியிருக்கும், 800 மீட்டர் கணக்கை இன்னிக்குத்தான் தாண்டறோம். அங்கேர்ந்து காஸ்திலியோன் தெல் போஸ்கோ வழியா மோன்தால்சீனோவுக்கு ஏறணும், ஓக் காட்டுக்கும் புரூனெல்லோ ஒயினுக்கான திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவுல நீளமான வெள்ளை ஏத்தம், சில இடத்துல பத்து சதவீதத்துக்கு மேல, 147 மீட்டர்லேர்ந்து 564 மீட்டருக்கு. பெரிய வேலையைக் காலைலயே முடிச்சுடறோம். மோன்தால்சீனோவுல கோட்டைப் பக்கம் சாப்பாடு, பாட்டில் நிரப்பிக்குங்க, அங்கேர்ந்து தார் ரோட்டுல தோர்ரெனியேரிக்கு இறக்கம். அப்புறம் ஸ்த்ராதே பியாங்கே ரேஸ்ல வர்ற ரெண்டு செக்டர், அதாவது வெள்ளை ரோட்டுத் துண்டு: லூச்சிஞ்ஞானோ தாஸ்ஸோ 11.9 கிலோமீட்டர், பியேவே ஆ சால்தி 8 கிலோமீட்டர். நிழல் இல்ல, ரெண்டு பக்கமும் கிரேத்தேங்கற களிமண் மேடுங்க அலை அலையா, சின்னச் சின்ன ஏத்தம் வந்துட்டே இருக்கும், லூச்சிஞ்ஞானோவுல நாலு வீடு, ஒரு கோயில், நிறுத்தி மூச்சு வாங்கிக்குங்க. மொத்தம் 50லேர்ந்து 60 கிலோமீட்டருக்குள்ள வரும், ஏத்தம் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கும்.

இந்த ரூட்டைக் கடைசி நாளுக்குன்னு நான் எடுத்து வச்சதுக்குக் காரணம் இருக்கு. புவோன்கோன்வெந்தோ கணக்குப்படி பக்கத்து ஆர்பியா பள்ளத்தாக்கு, செங்கல் மதிலோட ஆத்தோரமா நிஜமாவே கீழ இருக்கற ஊரு. பியேவே ஆ சால்தி மேட்டைத் தாண்டினா அப்படியே இறக்கம், கடைசி வளைவுல மதில் தெரியும், ஏத்தம் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி வண்டியைச் சுவர்ல சாய்ச்சுட்டு வாசலுக்குள்ள நடந்து போய் ஒரு காபி குடிங்க, ரயிலுக்கு நேரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.